பங்கிம்தாவா, பங்கிம்பாபுவா?

2025 டிசம்பர் 8. மக்களவையில் வந்தே மாதரம் பாடலின் 150ஆம் ஆண்டு விவாதம். பிரதமர் மோடி இந்தியில் பேசிக்கொண்டே வந்தவர், பாடலாசிரியர் பங்கிம் சந்திரரைப் 'பங்கிம்தா' என்றார். எதிர்வரிசையிலிருந்து திரிணமூல் உறுப்பினர் சௌகத ராய் குறுக்கிட்டார். 'தா' வேண்டாம், 'பாபு' என்று சொல்லுங்கள் என்றார். பிரதமர் அங்கேயே திருத்திக்கொண்டார். உங்களையாவது 'தாதா' எனலாமா, அதற்கும் ஆட்சேபம் உண்டா என்று விளையாட்டாகவும் கேட்டு வைத்தார்.

இதில் என்ன இருக்கிறது என்று இந்திக்காரர் கேட்கலாம். மரியாதையாகத்தானே கூப்பிட்டார்? பாரதியாரைப் பற்றி மேடையில் பேசும் ஒருவர் 'நம்ம பாரதி அண்ணே' என்று ஆரம்பித்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தால் விஷயம் விளங்கிவிடும். வங்காளத்தில் 'தா' என்பது டீக்கடைச் சொல். பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் அலுவலக மூத்தவருக்கும் அது பொருந்தும். 1894இல் மறைந்த பேராசானுக்குப் பொருந்தாது.

சொல் இருக்கும் இடத்தைப் பொறுத்துத்தான் அதன் மதிப்பு. இந்தியில் 'தாதா' அப்பாவின் அப்பா. வங்காளத்தில் அண்ணன். பம்பாய் போனால் பேட்டை ரவுடி; நமக்குக் கிடைத்தது அந்தப் பம்பாய்த் தாதாதான். 'பாபு'வின் கதையும் இதே. வங்காளிக்கு அது 'ஐயா'. வடக்கே அது அரசு அலுவலகக் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஆள். இப்போதைய இந்தி இளசுகள் காதலியைக் கொஞ்சுவதற்கும் அதையே வைத்துக்கொண்டுவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலம் படித்துவிட்டு வெள்ளைக்காரனைக் காப்பியடித்துத் திரிந்த பாபுக்களைக் கிழிகிழியென்று கிழித்து 'லோகரகசியம்' தொகுப்பில் நையாண்டி எழுதியவரே பங்கிம்தான். அவருக்கே அந்தப் பட்டத்தைக் காப்பாற்றித் தரப் பாராளுமன்றத்தில் ஒருவர் எழுந்திருக்க வேண்டியதாயிற்று.

வங்காளிக்கும் இந்திக்காரருக்கும் சொல்லை வைத்து உரசல் வருவது இருநூறு வருஷக் கதை. ஆனால் அந்தக் காலத்தில் உரசிய விதம் வேறு.

இன்றைய இந்தி உரைநடையின் தொட்டில்களில் ஒன்று கங்கைச் சமவெளியில் ஆடவில்லை, கல்கத்தாவில் ஆடியது. 1800இல் தொடங்கிய வில்லியம் கோட்டைக் கல்லூரியில் லல்லு லால் 'பிரேம் சாகர்' எழுதினார். அதே கல்லூரியில்தான் ராம்ராம் பாசுவும் மிருத்யுஞ்சய் வித்யாலங்காரும் வங்க உரைநடைக்கு அடி போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் இந்திப் பத்திரிகையான 'உதந்த் மார்த்தண்ட்' 1826 மே 30 அன்று வெளிவந்ததும் கல்கத்தாவில்தான். கான்பூரிலிருந்து பிழைக்க வந்த ஜுகல் கிஷோர் சுக்லா நடத்திய வாரப் பத்திரிகை அது. உள்ளூரில் இந்தி படிப்பவர் குறைவு, வெளியூருக்கு அனுப்பத் தபால் செலவு கட்டவில்லை; மறு வருஷ டிசம்பரில் கடையைச் சாத்தினார்.

வங்காளிப் பெரியவர்கள் இந்திக்கு வஞ்சனையில்லாமல் செய்தார்கள். சமஸ்கிருதத்திலேயே உரையாற்றிக்கொண்டு கல்கத்தா வந்த தயானந்த சரசுவதியிடம், இந்தியில் பேசினால் சனங்களுக்குப் போய்ச் சேரும் என்று சொன்னவர் கேசவ சந்திர சென். பீகார் நீதிமன்றங்களுக்குள் இந்தி நுழைய வாதாடியவர் பூதேவ் முகோபாத்யாய். இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் நாகரி எழுத்தே போதும் என்று 1905இல் சபை கட்டியவர் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி சாரதா சரண் மித்ரா.

இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படும் வங்காளிகள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். கொடுத்த கை மேலே இருந்தது. புத்தகத்து இந்திக்கு வாழ்த்துச் சொன்ன பத்ரலோகர், அதாவது படித்த மேல்தட்டு வங்காளி, வீட்டு வாசலில் காவல் நின்ற தர்வான் வேறு இந்தி பேசினார். சணல் ஆலைத் தொழிலாளி, பால்காரர், மூட்டை தூக்குபவர் என்று வந்தவர்கள் பேசியது போஜ்புரி, மகஹி, மைதிலி. கல்கத்தா அவர்கள் எல்லாரையும் ஒரே சிமிழில் அடைத்து 'ஹிந்துஸ்தானி' என்றது. கோபம் வந்தால் 'கொட்டா'. மார்வாடி வியாபாரி என்றால் 'மேரோ'. எதற்கும் இருக்கட்டும் என்று 'ஒபாங்காலி', அதாவது வங்காளி அல்லாதவர். மூன்று தலைமுறையாகப் படாபஜாரில் கடை வைத்திருப்பவருக்கும், இன்னதென்று சொல்லாமல் இன்னதல்ல என்று சொல்லும் அந்தப் பெயர்தான். சந்தையின் பெயரே ஆளுக்கு ஒன்று: வங்காளி 'பொடோபஜார்' என்பார், இந்திக்காரர் 'படாபஜார்' என்பார்.

அந்தப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. கல்கத்தா போன புருஷனை வங்காளத்துக்காரி மந்திரம் போட்டு ஆட்டுக்கடாவாக்கிக் கட்டி வைத்துக்கொள்வாள் என்பது போஜ்புரி கிராமங்களில் பெண்கள் பயந்த பயம். பிகாரி டாகூரின் 'பிதேசியா' நாடகமே அப்படிக் கல்கத்தாவில் தொலைந்துபோகும் புருஷனின் கதை.

வெறுப்பு இருந்தது. ஆனால் அடுத்தவன் சொல்லுக்கு அவன் ஊரில் என்ன பொருள் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. கல்கத்தா நடைபாதை முடிதிருத்தகத்தைப் பாருங்கள். சுவரில் ஆணியடித்து மாட்டிய கண்ணாடி, ஒரு நாற்காலி, படிகாரக் கட்டி. கத்திரி பிடிப்பவர் பெரும்பாலும் பீகாரி. ஊரில் அவருக்கு முடி என்றால் 'பால்'. (எழுத்தில் பார்த்தால் நமக்குப் பசும்பால்.) அதையே வங்காளத்தில் சொன்னால் கெட்ட வார்த்தை, தலைமுடியை அது குறிக்காது, குறிப்பது வேறு இடத்து முடியை. வங்காளிக்குத் தலைமுடி 'ச்சுல்'. இந்திக் கொச்சையில் அதற்குப் பொருள் அரிப்பு. ஊரிலிருந்து புதிதாக வந்த பீகாரி வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் தன் வழக்கத்தில் 'பால் வெட்டணும்' என்பார். வரிசையில் இருக்கும் வங்காளி கொல்லென்று சிரிப்பார். வெட்டுகிறவர் முகத்தில் ஒன்றும் இராது. அவர் காதுக்கு ஒரு பொருளும் வாய்க்கு ஒரு பொருளுமாக வைத்துக்கொண்டு பிழைப்பவர். பால் ஊரில், ச்சுல் இங்கே.

வங்காளியும் இப்படித்தான் ஒரு இந்தியைச் செய்துகொண்டார். ஆண்பால் பெண்பால் விகுதி கிடையாத மொழிக்காரர், ரயில் ஆணா பெண்ணா என்று கவலைப்படாமல் எல்லாவற்றுக்கும் 'ஹம் ஜாயேகா' என்றே ஓட்டினார். மொழியியலாளர் சுனீதி குமார் சட்டர்ஜி இந்தக் கல்கத்தாச் சந்தை இந்தியை ஆராய்ந்து 1930களின் தொடக்கத்தில் கட்டுரையே எழுதினார்.

படித்தவர் சண்டை சமஸ்கிருதச் சொற்களில் நடந்தது. ஒரே சொல்லை இருவரும் எடுத்து ஆளுக்கொரு பக்கம் வளர்த்திருந்தார்கள். வங்காளத்தில் 'ராக்' கோபம், இந்தியில் பண். 'ஆதர்' அங்கே கொஞ்சல், இங்கே மரியாதை. 'சன்சார்' இந்திக்கு உலகம், வங்காளத்துக்குக் குடும்பம், நமக்குப் பெண்டாட்டி. எனக்குப் பிடித்தது 'அபிமான்'. இந்தியில் அது கர்வம். வங்காளத்தில் உரிமையுள்ளவரிடம் மட்டுமே கொள்ளும் மனத்தாங்கல். நாம் அன்புக்கு வைத்துக்கொண்டோம். 1973இல் வங்காளியான ரிஷிகேஷ் முகர்ஜி 'அபிமான்' என்று இந்திப் படம் எடுத்தார். பாடகன் புருஷன், அவனை விட நன்றாகப் பாடும் மனைவி. இந்திக்காரர் தலைப்பில் புருஷனின் கர்வத்தைப் படித்தார்கள். வங்காளிகள் மனைவி ஒன்றும் பேசாமல் ஒதுங்கிப் போனதையும் சேர்த்துப் படித்தார்கள். இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்லச் சொன்னால் நான் ஓடிவிடுவேன்.

அன்று எல்லாம் சிரிப்பாகவே போயிற்று என்று சொல்ல மாட்டேன். சுதந்திரத்துக்குப் பின் பீகாரில் இருந்த மான்பூம் மாவட்டத்தில், வங்காளம் பேசும் பிள்ளைகளின் பள்ளிகளில் இந்தியைத் திணித்தார்கள். அதுல் சந்திர கோஷ் தலைமையில் லோக் சேவக் சங்கம் சத்தியாக்கிரகத்தில் இறங்கியது. மகர சங்கராந்தியையொட்டிய துசு பண்டிகைப் பாட்டில் மொழிக் கோரிக்கையை வைத்துப் பாடியவர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள். 1956 ஏப்ரலில் பாக்பிட்ரா கிராமத்திலிருந்து ஆயிரம் பேர், பெண்களும் சேர்ந்து, கல்கத்தாவுக்கு நடந்தே வந்தார்கள். அந்த நவம்பர் 1 அன்று புருலியா மேற்கு வங்கத்தோடு சேர்ந்தது. அதே 1956இல் ஆட்சிமொழி ஆணையத்தின் அறிக்கை வந்தபோது, ஒரு காலத்தில் இந்திக்குப் பரிந்து பேசிய சுனீதி குமார் மறுப்புக் குறிப்பு எழுதினார். அவரைப் போல் மறுத்து எழுதிய இன்னொருவர் சென்னையின் பி. சுப்பராயன்.

மான்பூமில் சண்டை எந்த மொழியில் படிப்பது என்பது. படிக்கிறவன் எந்த நாட்டவன் என்று யாரும் கேட்கவில்லை.

2025 ஜூலையில் தில்லிக் காவல்துறை அங்குள்ள மேற்கு வங்க அரசின் வங்க பவனுக்குக் கடிதம் எழுதியது. சில ஆவணங்களை 'பங்களாதேஷி மொழி'யிலிருந்து பெயர்க்க ஆள் வேண்டும் என்றது. கொல்கத்தா கொதித்தது. அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழி. 2011 கணக்குப்படி 9.7 கோடி இந்தியர்களின் தாய்மொழி. முந்தைய அக்டோபரில்தான் ஒன்றிய அரசே செம்மொழி என்றும் அறிவித்திருந்தது. பாஜகவின் அமித் மாளவியா கடிதத்துக்குப் பரிந்து வந்து, சில்ஹெட்டி போன்ற பேச்சு இந்திய வங்காளிகளுக்குக் கிட்டத்தட்டப் புரியாது என்று விளக்கம் சொன்னார். அஸ்ஸாமின் பராக் பள்ளத்தாக்கில் வீட்டுப் பேச்சே சில்ஹெட்டிதான். 1961 மே 19 அன்று அங்கே சில்சார் ரயில் நிலையத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான 11 பேரும் வங்க மொழிக்காக உயிரை விட்டவர்கள்.

கொல்கத்தாக்காரர்களும் யோக்கியமாக நடந்துகொள்ளவில்லை. 'கொட்டா'வை இப்போது வெளிப்படையாகச் சொல்லக் கூச்சம். அதனால் 'பொஹிராகொதோ', வெளியாள், என்ற சொல்லை 2021 தேர்தலில் மேடைக்கு மேடை முழக்கினார்கள். தில்லித் தலைவர்களைச் சொன்னோம் என்கிறார்கள். டிட்டாகட், பாட்பாரா போன்ற சணல் ஆலை ஊர்களில் பாட்டன் காலத்திலிருந்து குடியிருக்கும் பீகாரிக் குடும்பம் அதை யாருக்கென்று எடுத்துக்கொள்ளும்? மேற்கு வங்கத்தில் இந்தியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2011இல் சுமார் 7 சதவீதம். அன்று மூட்டை சுமந்தவர் பேரன் இன்று கட்டடமே வாங்குகிறார். மெட்ரோவில் பக்கத்து இருக்கைக்காரரை இந்தியில் பேசச் சொல்லி அதட்டும் காட்சிகளும் வந்துவிட்டன. ஏளனம் அப்படியேதான் இருக்கிறது, அது பாயும் திசை மாறியிருக்கிறது.

வங்காளிகளுக்கு உள்ளேயே கிடக்கும் பிளவு, 'பங்களாதேஷி' என்று முத்திரை குத்துபவர்களுக்கு வசதியாகிவிட்டது. இந்து வங்காளி தண்ணீரை 'ஜொல்' என்பார், முஸ்லிம் 'பானி' என்பார். 2023 பிப்ரவரி 21, மொழி நாள் விழாவில் ஓவியர் சுபாபிரசன்னா 'பானி' வங்கச் சொல்லே அல்ல என்கிற மாதிரிப் பேச, மேடையிலேயே மம்தா பானர்ஜி மறுத்தார். ஹரப்பிரசாத் சாஸ்திரி 1907இல் நேபாளத்தில் கண்டெடுத்த 'சர்யாபத'த்தை வங்கத்தின் ஆகப் பழைய நூல் என்று கொண்டாடுகிறார்கள். அதில் மான் குடிக்க மறுப்பது பானியைத்தான்.

மால்டாவிலிருந்து குருகிராம் போய்க் கொத்து வேலை பார்க்கும் முஸ்லிம் பையனை நினைத்துக்கொள்கிறேன். 2025 ஜூலையில் பங்களாதேஷியோ என்று சந்தேகித்து ஆட்களைப் பிடித்துப்போய் விசாரித்தபோது இவனைப் போன்றவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். வீட்டுக்குப் போன் பேசுவதென்றால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறான். வெளியே தாகமெடுத்தால் சுத்தமான இந்தியில் 'பானி' கேட்கப் பழகிவிட்டான். அதற்கு அவன் புதிதாக ஒன்றும் கற்கவில்லை. அவன் அம்மா சொல்லிக்கொடுத்ததும் பானிதான்.