லோணார்ப் பள்ளமும் சந்திரனின் கருநிலமும்

தைப்பூச இரவில் பத்துமலைக்கு மேலே எழும் பூரண சந்திரனில் நம் முன்னோர் முயல் என்று கண்ட கரிய பகுதிகள், பெரும்பாலும் முந்நூறு கோடி வருஷங்களுக்கு முன்னரே அங்கே வழிந்து பரந்து இறுகிப்போன எரிமலைக் குழம்பின் சமவெளிகள் என்பதும், அந்தக் கரும்பாறையைப் பசால்ட் என்று அழைப்பார்கள் என்பதும் பள்ளி மாணவரும் அறிந்த விஷயம். அந்தப் பாறை எவ்வளவு கனமாகப் படிந்திருக்கிறது, எந்த யுகத்தில் வழிந்தது, அதனடியில் கிடப்பது யாது என்று கேட்டால் விடை அவ்வளவு சுலபமன்று. அதைச் சொல்ல வல்லவை, விண்கற்கள் மோதி உண்டாக்கிய பள்ளங்களே. பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அருகில், குன்றின் மேல் நீலக் குவிமாடத்தோடு நிற்கும் தேசியக் கோளரங்கத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்கிறவர்கள், இப்பள்ளங்களைச் சந்திரனின் முகத்து வடுக்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது எனக்குச் சற்று வருத்தம் தருவதே.

சுங்கை பீசியின் திறந்தவெளி ஈயச் சுரங்கத்தில் வெட்டிக் கரையில் குவித்த மண்ணே அடிநிலத்தின் இயல்பை அறிவித்தது போல, வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும் விண்கல் ஆழத்துப் பாறையை நொறுக்கி வெளியே வீசி, அதன் ரகசியத்தைப் பள்ளத்தின் விளிம்பிலே பரப்பிவிடுகிறது. சந்திரனின் கருநிலத்தில் ஒரு சிறு பள்ளம் தன்னைச் சுற்றிக் கரிய துகளையே இறைத்திருந்தால், அது பசால்ட் படிவத்தைக் கடக்கவில்லை என்று கொள்ளலாம். அருகிலுள்ள பெரிய பள்ளமோ வெளிறிய துகளை இறைத்திருந்தால், அது படிவத்தைத் துளைத்து அடியிலுள்ள ஆதிப்பாறையை எட்டியது என்பது தெளிவு. இவ்விரண்டு ஆழங்களுக்கும் இடைப்பட்டதே அவ்விடத்துப் படிவத்தின் கனம்.

இந்த அனுமானங்களைப் பூமியிலே சோதித்துப் பார்ப்பதற்குப் பசால்ட் நிலத்தில் விழுந்த பள்ளம் ஒன்று வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் அடியில் இருப்பவை பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லும் கருங்கல்லும். பசால்ட்டைக் காணக் குவாந்தானுக்குத்தான் போக வேண்டும். பூமியில் நன்கு காக்கப்பட்ட பசால்ட் பள்ளங்களோ மிகச் சில. அவற்றுள் தலையாயது மகாராஷ்டிரத்தின் புல்தாணா மாவட்டத்து லோணார். ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் அகலமும் 150 மீட்டர் ஆழமும் கொண்டு, நடுவே உவர்நீர் ஏரியொன்றைத் தாங்கியிருக்கும் இப்பள்ளம், ஏறக்குறைய 6.6 கோடி வருஷங்களுக்கு முன் தக்காணத்தில் அடுக்கடுக்காக வழிந்த எரிமலைப் பாறையில் அமைந்திருப்பதால், இதனையும் எரிமலை வாய் என்று பலர் நெடுங்காலம் கருதியதில் வியப்பில்லை. 1973-ஆம் வருஷம், பிரெட்ரிக்ஸன், துபே, மில்டன், பாலசுந்தரம் ஆகிய நால்வர், இங்குள்ள பாறையில் ஃபெல்ஸ்பார் படிகம் உருகாமலேயே கண்ணாடியாக மாறியிருப்பதை எடுத்துக்காட்டினர். மஸ்கெலினைட் எனப்படும் இக்கண்ணாடி உண்டாவதற்கு வளிமண்டல அழுத்தத்தைப் போல் சில லட்சம் மடங்கு அழுத்தம் ஒரு கணத்தில் தாக்க வேண்டும். எந்த எரிமலைக்கும் அந்தச் சக்தி கிடையாது.

இனிச் சொல்லப்போவது விசித்திரம். இதே கண்ணாடி முதன்முதலில் அறியப்பட்டது லோணாரில் அன்று. 1865 ஆகஸ்ட் 25-ஆம் நாள் பீகாரின் ஷெர்காட்டியில் ஆகாயத்திலிருந்து விழுந்த ஒரு கல்லில். 1872-இல் வியன்னாவின் செர்மாக் அதனை வர்ணித்தார். அக்கல்லும் ஒருவகைப் பசால்ட்தான். அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கோ நூறு வருஷங்களுக்கு மேலாகியும் விடை கிட்டவில்லை. 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் அங்குள்ள காற்றை அளந்து சொன்ன பிறகு, அதே இனத்தைச் சேர்ந்த ஓர் அண்டார்க்டிகக் கல்லின் கண்ணாடியில் சிறைப்பட்டிருந்த வாயு அக்காற்றை ஒத்திருப்பது 1983-இல் வெளியாயிற்று. செவ்வாயில் ஒரு பள்ளத்தைத் தோண்டிய மோதலே, அக்கிரகத்தின் எரிமலைப் பாறையைப் பீகார்வரை எறிந்திருக்கிறது!

ஆயினும் லோணாரின் வயதிலேயே ஆராய்ச்சியாளர்கள் ஒன்றுபடவில்லை. ஒரு முறைப்படி சுமார் 52,000 வருஷம், ஆர்கான் வாயுவைக் கொண்டு 2011-இல் அளந்தபடி சுமார் 5,70,000 வருஷம். கையெட்டும் தூரத்துப் பள்ளத்தின் கதி இதுவானால் சந்திரனின் சமவெளிகளுக்கு வயது கூறுவது எங்ஙனம்? பள்ளங்களை எண்ணித்தான். பழைய பாறைமேல் பள்ளங்கள் மிகுதி, புதியதன்மேல் குறைவு. அந்த எண்ணிக்கையை வருஷமாக மாற்ற, வயது தெரிந்த கற்கள் வேண்டும். 1969 முதல் அப்பல்லோ பிரயாணிகள் கொணர்ந்த பசால்ட் கற்கள் 300 கோடி வருஷத்துக்கு மேற்பட்டவையாதலால், அதற்குப் பிந்திய காலத்துக்கு அளவுகோல் வெகுகாலம் வெறுமையாகவே கிடந்தது. பள்ளங்கள் அரிதாக இருந்த ஒரு சமவெளியைத் தேர்ந்து 2020 டிசம்பரில் இறங்கிய சீனாவின் சாங்கே-5 கலம் 1,731 கிராம் மண்ணும் கல்லும் கொண்டுவந்தது. அங்குள்ள பசால்ட்டின் வயது ஏறக்குறைய 200 கோடி வருஷம் என்று ஆய்வில் தெரிந்தது. அதற்குப் பின்பே, அந்த வெறுமையின் நடுவில் நம்பத்தக்க ஒரு குறி விழுந்தது.