வீட்டுப் பதிவுக்கு எந்த சவுண்ட் கார்டு?

பாட்டுப் பதிவு என்றாலே பெரிய ஸ்டூடியோ, கண்ணாடித் தடுப்பு, மணிக்கணக்கில் வாடகை என்றிருந்த காலம் மாறிவிட்டது. அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷின் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதி, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள பெற்றோர் வீட்டில், அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில் பதிவானது. 2019இல் வெளிவந்த அது, மறு ஆண்டு கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்வானது. இன்று பாடத் தெரிந்த, வாத்தியம் வாசிக்கத் தெரிந்த யாரும் வீட்டிலேயே பதிவு செய்யலாம் என்று துணிகிறார்கள். துணிந்தவுடன் வரும் முதல் கேள்வி, எந்த சவுண்ட் கார்டு வாங்குவது என்பது. கடையில் பல பெட்டிகளின் மேல் ‘24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பெரிய எண் இருப்பதே நல்லது என்று எண்ணிப் பலர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். வீட்டுப் பதிவின் தரத்தைத் தீர்மானிப்பவற்றில் அந்த எண்ணுக்குத்தான் மிகக் குறைந்த இடம். ஒரே நேரத்தில் எத்தனை மைக் வேண்டும், அந்த மைக் எத்தகையது, பாடுபவர் குரல் தாமதமின்றி அவர் காதுக்குத் திரும்புகிறதா என்ற மூன்று கேள்விகளை வைத்துத்தான் வாங்க வேண்டும்.

மைக் தருவது மிகச் சிறிய மின்சாரம். அதைப் பெருக்கி, நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக்கிக் கணினிக்கு அனுப்புவதும், கணினியிலிருந்து வரும் எண்களை மறுபடி ஒலியாக்கி ஹெட்போனுக்குத் தருவதும்தான் சவுண்ட் கார்டின் வேலை. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் இந்தப் பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அது முதலில் விளையாட்டுகளுக்கு ஒலி கொடுக்கவே உருவானது. இன்று எல்லாக் கணினியிலும் ஒலி வசதி உள்ளேயே இருக்கிறது. பாட்டுக் கேட்கவும் வீடியோ அழைப்புக்கும் அது போதும். பதிவுக்குப் போதாது. மடிக்கணினியின் சிறிய மைக் துளை, ஹெட்செட்டில் வரும் குட்டி மைக்குக்காக வைத்தது. ஸ்டூடியோ கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் ஃபான்டம் பவரை அது தராது. நீண்ட கேபிளில் ஏறும் இரைச்சலைத் தள்ளிவிடும் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் இணைப்பும் அதில் இல்லை. ஆகவே இந்தக் காலத்தில் பதிவுக்கான சவுண்ட் கார்டு என்றால், கணினிக்கு வெளியே யுஎஸ்பி கேபிளில் இணையும் சிறு பெட்டிதான். கடைக்காரர்கள் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பது இதைத்தான்.

முதலில் அந்தப் பெரிய எண்ணைப் பார்த்துவிடுவோம். 192 கிலோஹெர்ட்ஸ் என்றால், ஒலியை நொடிக்கு 1,92,000 முறை அளக்கிறது என்று பொருள். 1982இல் விற்பனைக்கு வந்த சிடி, நொடிக்கு 44,100 முறை அளந்ததையே தாங்கியது. இந்த அளவு குருட்டாம்போக்கில் வந்ததல்ல. ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் அளந்தால், அந்த ஒலியை அப்படியே மீட்டெடுக்கலாம் என்பதை கிளாட் ஷானன் 1949இல் கணிதமாக நிறுவினார். இளம் வயதில் நல்ல செவிக்குக் கேட்கும் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அது இறங்கும். ஆக 44,100 போதும் என்பது கணக்கு. காதும் அப்படித்தான் சொல்கிறதா என்று பிராட் மேயர், டேவிட் மோரன் இருவரும் சோதித்தார்கள். உயர்தரப் பதிவுகளை நேராகவும், சிடி தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிப் போட்டு, எது எது என்று கேட்டார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, 554 முயற்சிகளில் சரியான விடை 276. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலும் இதே அளவுதான் வந்திருக்கும்.

இதை மறுப்பவர்களுக்கும் கையில் ஓர் ஆதாரம் உண்டு. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ், இத்தகைய 18 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்து 2016இல் அலசினார். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முயற்சிகளில் 52.3 சதவீதம் சரியாக இருந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அது இன்னும் கூடியது. ஆகவே வேறுபாடு அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஆய்வுக்கூட அமைதியில், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் பாதிக்குச் சற்று மேல்தான் பிடிபடுகிறது. அந்த நுண்ணிய வேறுபாட்டை, மின்விசிறி சுழலும் அறையில் பதிந்து, செல்போனில் கேட்கப்படப் போகும் பாட்டில் தேடுவது வீண். விலையும் சும்மா இல்லை. 24 பிட்டில் ஒரு மைக்கின் ஒரு நிமிடப் பதிவு 48 கிலோஹெர்ட்ஸில் 9 எம்பிக்கும் குறைவு. 192இல் ஏறத்தாழ 35 எம்பி. கணினியின் சுமையும் அதே விகிதத்தில் ஏறும். 44.1 அல்லது 48 வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பாடலாம். இந்த வசதி இல்லாத இன்டர்ஃபேஸே இன்று கடையில் கிடையாது.

பிட் எண்ணிக்கையின் கதை வேறு. அங்கே 24 உண்மையிலேயே உதவுகிறது. ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல் என்று கொண்டால், 16 பிட்டில் மிகச் சிறிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். 24 பிட்டில் கணக்குப்படி 144. மின்சுற்றின் இரைச்சல் போக, நல்ல கருவிகளில் 110க்கும் 120க்கும் இடையே நிற்கும். இப்போது வீட்டு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவின் அமைதியான அறையிலும் 30 டெசிபல் அளவுக்கு ஏதாவது ஓசை இருந்துகொண்டே இருக்கும். விசிறி போட்டால் இன்னும் கூடும். மைக்குக்கு அருகே வாயைத் திறந்து பாடுபவரின் குரல் 90, 95 டெசிபல் தொடும். இடையே உள்ளது அறுபத்தைந்துதான். 11 பிட்டுக்கு உள்ளேயே அடங்கிவிடும். கலங்கிய தண்ணீரைத் தங்கக் குடத்தில் பிடித்தாலும் கலங்கல்தான். அப்படியானால் 24 பிட் எதற்கு? பாடகர் திடீரென உச்ச ஸ்தாயிக்குத் தாவினால் ஒலி உடைந்துவிடாதபடி, உச்சிக்கு 10, 12 டெசிபல் கீழேயே வைத்துத் தாராளமாகப் பதியலாம். அப்படிக் குறைத்துப் பதிந்தாலும் தரம் குறையாது. அந்த நிம்மதிக்காக 24 வேண்டும். அதுவும் இன்று ஏறத்தாழ எல்லா இன்டர்ஃபேஸிலும் இருக்கிறது.

இனி உண்மையான கேள்விகள். உங்கள் மைக் எத்தகையது? மேடைகளில் 1966 முதல் புழங்கிவரும் ஷ்யூர் எஸ்எம்58, 94 டெசிபல் ஒலியில் தருவது 1.85 மில்லிவோல்ட். வீட்டுப் பதிவுக்குப் பலர் வாங்கும் கண்டென்சர் மைக்கான ஆடியோ டெக்னிகா ஏடி2020, அதே ஒலியில் 14.1 மில்லிவோல்ட் தரும். ஏழு மடங்குக்கும் மேல். பாட்காஸ்ட்காரர்கள் விரும்பும் எஸ்எம்7பி 1.12 மில்லிவோல்ட்தான் தரும்; அதற்குக் குறைந்தது 60 டெசிபல் பெருக்கம் வேண்டும் என்று அதைச் செய்பவர்களே சொல்கிறார்கள். இங்கேதான் இன்டர்ஃபேஸில் மைக்கின் மின்சாரத்தைப் பெருக்கும் பகுதியான ப்ரீஆம்ப் சோதனைக்கு உள்ளாகிறது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட்டின் நான்காம் தலைமுறையில், ஒரு மைக்குக்கான சோலோவின் கெயின், அதாவது பெருக்கம், 57 டெசிபல். இரண்டு மைக்குக்கான 2ஐ2வில் 69. இரண்டிலும் 192 கிலோஹெர்ட்ஸ் என்றுதான் போட்டிருக்கும். எஸ்எம்7பியில் மெல்லப் பேசுபவருக்கு முதலாவது போதாது, இரண்டாவது போதும். ஏடி2020 வைத்திருப்பவருக்கு எதுவானாலும் போதும். கெயின் குமிழைக் கடைசி வரை திருகினால் ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல் எழுகிறதா என்பதையும் கடையிலேயே ஹெட்போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பெட்டியின் முகப்பில் அச்சிடாத இந்தச் செய்திகள்தான் பாட்டில் கேட்கும்.

அடுத்தது, ஒரே நேரத்தில் எத்தனை மைக்? ஒவ்வொன்றாகப் பதிந்து மேலே மேலே அடுக்கும் சினிமாப் பாட்டு, சுயாதீனப் பாட்டுகளுக்கு இரண்டு போதும். தனியாகப் பாடுபவருக்கு ஒன்றே போதும். கர்நாடக இசைக்கு அது பொருந்தாது. பாடகர் இழுக்கும் ஒரு சங்கதிக்கு வயலின் அந்த நொடியிலேயே பதில் சொல்ல வேண்டும். மிருதங்கம் அதை வாங்கி நடையை மாற்ற வேண்டும். தனித்தனியே பதிந்தால் அந்த உரையாடல் செத்துப்போகும். குரலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் ஒவ்வொன்று என நான்கு மைக் ஒரே நேரத்தில் வேண்டும். இங்கும் பெயரில் உள்ள எண் ஏமாற்றும். ஸ்கார்லெட் 4ஐ4 என்ற பெயரைப் பார்த்து நான்கு மைக் செருகலாம் என்று வாங்கினால், மைக் ப்ரீஆம்ப் இரண்டுதான். மற்ற இரண்டு, கீபோர்டு போன்றவற்றுக்கான லைன் இணைப்பு. 18ஐ20இல் மைக்குக்கு எட்டுதான். மீதிப் பத்து, வேறு கருவிகளிலிருந்து டிஜிட்டலாக வருபவற்றுக்கானவை. பெஹ்ரிங்கரின் யுஎம்சி404எச்டியிலோ நான்கும் மைக் ப்ரீஆம்ப்தான். எனவே பெயரை விட்டுவிட்டு, எக்ஸ்எல்ஆர் துளைகளை எண்ணிப் பாருங்கள். எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவரும், வீணையில் கான்டாக்ட் மைக் ஒட்டியிருப்பவரும் ‘இன்ஸ்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ என்று குறித்த இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண லைன் இணைப்பில் செருகினால், அவற்றின் நாதம் மெலிந்து மொண்ணையாகிவிடும்.

மூன்றாவது தாமதம். மைக்கில் போன குரல் கணினிக்குள் சென்று ஹெட்போனுக்குத் திரும்பச் சிறிது நேரம் ஆகும்; இதைத்தான் லேட்டன்சி என்கிறார்கள். கணினி ஒலியைச் சிறு சிறு கட்டுகளாக வாங்குகிறது. 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு கட்டு 512 அளவுகள் என்றால், போக 10.7 மில்லி விநாடி, வர 10.7 மில்லி விநாடி. இதர தாமதங்கள் இதற்கு மேல். ஏழு மீட்டர் தள்ளி நின்று நம் குரலையே கேட்பதற்குச் சமம் அது. பாடுபவருக்குத் தன் குரல் எலும்பு வழியே உடனே கேட்டுவிடுவதால், ஹெட்போனில் பின்தங்கி வரும் குரல் அதோடு மோதித் தாளத்தையே குலைக்கும். கட்டை 64 அளவுகளாகக் குறைத்தால் ஒரு வழிக்கு 1.3 மில்லி விநாடிதான். அந்தச் சிறிய கட்டில் உடைசல் இல்லாமல் ஓட வைப்பது, கருவியைக் கணினியோடு இணைக்கும் மென்பொருளான டிரைவரின் திறமை. விண்டோஸுக்கு, ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த ஏஎஸ்ஐஓ முறைக்கான டிரைவரைக் கருவியைச் செய்த நிறுவனமே தருகிறதா, அதைப் புதுப்பித்து வருகிறதா என்று விசாரியுங்கள். மேக் கணினியில் கோர் ஆடியோ உள்ளேயே இருக்கிறது. 96 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் இந்தத் தாமதம் பாதியாகுமே என்று வாதிடலாம். கணக்கு சரிதான். ஆனால் கணினியின் வேலையும் இரட்டிப்பாகும். திணறினால் கட்டை மறுபடி பெரிதாக்கத்தான் வேண்டியிருக்கும். அதைவிட, ‘டைரக்ட் மானிட்டர்’ பொத்தான் உள்ள கருவியை வாங்கலாம். அது குரலைக் கணினிக்குள் விடாமலே ஹெட்போனுக்குத் திருப்பித் தந்துவிடும்.

இத்தனை எதற்கு, யுஎஸ்பி மைக் ஒன்றை நேரே கணினியில் செருகினால் ஆகாதா என்றும் கேட்கலாம். ஒருவர் பேச, ஒருவர் பாட, தாராளமாக ஆகும். நாளை ஒரு வாத்தியம் சேர்ந்தால்தான் சிக்கல். இரண்டு யுஎஸ்பி மைக்குகளுக்கும் தனித்தனிக் கடிகாரம் இருப்பதால், ஒன்றாகப் பதிந்தால் போகப் போக விலகும். மைக்கை மட்டும் மாற்றி இன்டர்ஃபேஸை வைத்துக்கொள்ளும் வழியும் அங்கே இல்லை. விலை கூடிய இன்டர்ஃபேஸ்கள் வெறும் ஆடம்பரமா என்றால், அதுவும் இல்லை. கூடுதல் மைக் இணைப்புகள், தரமான டிரைவர், உறுதியான கட்டுமானம் ஆகியவற்றுக்காகத் தொழில்முறைக் கலைஞர்கள் கொடுக்கும் விலை நியாயமானது. 192 என்ற எண்ணுக்காகக் கொடுப்பதுதான் நியாயமற்றது. யுஎஸ்பி 3, தண்டர்போல்ட் என்ற சொற்களுக்கும் இதுவே பதில். இரண்டு மைக்கை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் அனுப்ப நொடிக்கு 5 மெகாபிட்கூட வேண்டாம்; பழைய யுஎஸ்பி 2இன் வேகமோ 480 மெகாபிட்.

ஆகவே வாங்கப் போகும்முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை மைக், என்ன மைக், தாமதமின்றி ஓட வேண்டிய கணினி எது. அந்த மூன்றுக்கும் பொருந்துபவற்றில் விலை குறைந்ததை வாங்குங்கள். மிஞ்சும் பணத்தை நல்ல மைக்குக்கும், காதை மூடும் ஹெட்போனுக்கும், சுவரில் தொங்கவிடத் தடித்த கம்பளிக்கும் செலவிடுங்கள். பதியும்போது விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். மடிக்கணினியின் சார்ஜரைச் செருகியதும் ‘ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் உறுமல் வந்தால், வீட்டின் எர்த் இணைப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இன்றைய சாதாரண இன்டர்ஃபேஸ்கூட, நம் வீட்டு அறை தரும் ஒலியைச் சிதைக்காமல் பதியும் திறன் பெற்றது. அதற்குமேல் பாட்டின் தரம் பாடுபவரிடமும், மைக்கிடமும், அந்த அறையிடமும்தான் இருக்கிறது.