விந்து முந்துதல்: பயம் வேண்டாம், பணத்தையும் இழக்க வேண்டாம்!

இரவு ஒன்பது மணி இருக்கும். கிளினிக்கில் கடைசி ஆள் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு உள்ளே வந்தார் அந்த இளைஞர். வயது இருபத்தெட்டு. திருச்செங்கோட்டுப் பக்கம் ஊர். போர்வெல் வண்டியில் வேலை. வண்டி மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று கிளம்பினால் வீடு திரும்ப மூன்று மாதம் ஆகிவிடும்.

"இடுப்பு வலிங்க" என்றார். சோதித்துப் பார்த்தேன். வலி இருக்கிற மாதிரி தெரியவில்லை. "தம்பி, கதவு சாத்தித்தான் இருக்கு. தைரியமா சொல்லுங்க" என்றேன். அவ்வளவுதான், கண் கலங்கிவிட்டது.

"கல்யாணமாகி ரெண்டு வருஷமாச்சுங்க. ஆரம்பிச்ச உடனே முடிஞ்சு போயிருதுங்க. ஒரு நிமிஷம்கூட தாங்கறதில்லை. நரம்புத் தளர்ச்சின்னு சொல்லி ஒரு லாட்ஜுல மருந்து குடுத்தாங்க. மூணு கோர்ஸ்... நாப்பத்தஞ்சாயிரம் போயிருச்சுங்க. சம்சாரத்தோட தோட்டை அடகு வெச்சேன். எதுக்குன்னு அவகிட்ட சொல்லலை. வெளியூர்ல வேற யாரோ இருக்காங்கன்னு நெனைச்சுக்கிட்டா. ரெண்டு மாசமா பேச்சே இல்லைங்க."

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். ஆனால் சேலம், நாமக்கல் பக்கம் பிராக்டிஸ் செய்யும் எந்த வைத்தியருக்கும் இந்தக் கதை புதிதாக இருக்காது. வியாதி சின்னது. அதை மறைப்பதால் வரும் சேதம்தான் பெரியது.

எது விந்து முந்துதல்?

துரித ஸ்கலிதம், விந்து முந்துதல் என்று இதைச் சொல்வார்கள். பாலியல் மருத்துவ நிபுணர்களின் சர்வதேச சங்கம் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. உறவு தொடங்கி ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் எப்போதும் அல்லது பெரும்பாலும் விந்து வெளியேறுவது, தள்ளிப்போட முயன்றும் முடியாமல் போவது, அதனால் மனவேதனை உண்டாவது. மூன்றும் சேர்ந்திருந்தால்தான் இதைப் பிரச்னை என்று சொல்லலாம். ஆரம்பத்தில் நன்றாக இருந்து, பிறகு மூன்று நிமிடமோ அதற்கும் கீழோ என்று குறைந்துவிட்டால், அது இடையில் வந்த வகை.

'அப்படியானால் எவ்வளவு நேரம்தான் சரி?' என்று கேட்பீர்கள். நெதர்லாந்து, பிரிட்டன், ஸ்பெயின், துருக்கி, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் சுமார் 500 தம்பதிகளிடம் ஸ்டாப்வாட்சைக் கொடுத்துக் கணக்கெடுத்தார்கள். 2005-ல் வெளியான அந்த ஆய்வில் நடுவில் நின்ற அளவு 5.4 நிமிடம். அதாவது பாதிப் பேருக்கு அதற்கும் குறைவுதான்! செல்போனில் ஆபாசப் படம் பார்த்துவிட்டு 'எனக்கு அரை மணி நேரம் நிற்கவில்லையே' என்று வருகிறவர்களுக்கு மருந்து தேவையில்லை. உண்மையைச் சொன்னாலே போதும்.

புதிதாகக் கல்யாணமானவர்களுக்கும், நீண்ட நாள் பிரிந்திருந்து வீடு வருகிறவர்களுக்கும் முதல் சில நாள் சீக்கிரம் முடிந்துவிடுவது இயற்கை. லாரி டிரைவர்களும் ரிக் வண்டிக்காரர்களும் இதைக் கண்டு மிரள வேண்டாம்.

ஏன் வருகிறது?

உடலில் கீழ்நோக்கி வெளியேறும் காரியங்களை, மலம், சிறுநீர், விந்து எல்லாவற்றையும், நடத்துவது அபான வாயு என்பது சித்த மருத்துவக் கணக்கு. பயம், பதற்றம், தூக்கக் கெடுதல் ஆகியவற்றால் வாதம் கெட்டால் அபானனும் நிலை தடுமாறும். மூளையில் உள்ள செரோடோனின் என்ற ரசாயனத்தின் போக்கு சிலருக்குப் பிறவியிலேயே வேறுபடலாம் என்கிறது இன்றைய விஞ்ஞானம். பதற்றம் இதை மோசமாக்கும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

இன்னும் சில காரணங்களும் உண்டு. தைராய்டு அதிகமாகச் சுரப்பது, புராஸ்டேட் சுரப்பியில் அழற்சி, சர்க்கரை வியாதி. சிலருக்கு விறைப்பு நிற்காது. அது தளர்ந்துவிடுமோ என்று பயந்து அவசரப்படுவார்கள். அங்கே முதலில் கவனிக்க வேண்டியது விறைப்புக் குறைவைத்தான். அதனால்தான் மருந்து எழுதும் முன் நான் ரத்தப் பரிசோதனை கேட்கிறேன்.

வீட்டுச் சூழ்நிலையையும் விடக்கூடாது. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறி ஓடும் வீடுகளைப் பாருங்கள். ஒரு தடுப்புக்கு இந்தப் பக்கம் தம்பதி, அந்தப் பக்கம் அப்பா அம்மா. 'யாராவது முழிச்சிருவாங்களோ' என்று பயந்து பயந்தே பழகின உடம்பு, அவசரத்தையும் பழகிக்கொள்கிறது.

ரத்தம்தான் விந்தாகிறதா?

'அறுபது சொட்டு ரத்தம் சேர்ந்தால் ஒரு சொட்டு விந்து' என்று சொல்லிச் சொல்லியே இளைஞர்களைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் சாரம் தொடங்கி ஏழு உடல் தாதுக்கள் உண்டு, ஏழாவது சுக்கிலம். உணவின் சத்து படிப்படியாகத் தாதுக்களைப் போஷிக்கிறது என்பதுதான் இதன் பொருள். விந்து போனால் ரத்தம் போய்விடும் என்பது இதைத் தவறாகப் புரிந்துகொண்டது.

ஒரு தடவை வெளியாவது சுமார் 2 முதல் 5 மில்லிதான். ஒரு டீஸ்பூன்கூட மிஞ்சாது. அதில் பெரும்பகுதி விந்துப் பையிலும் புராஸ்டேட்டிலும் சுரக்கும் திரவம். உடம்பு அதை மறுபடியும் சுரந்துகொள்ளும். தூக்கத்தில் வெளியேறுவதும், சிறு வயதுப் பழக்கமும் நரம்பைத் தளர்த்தாது. விந்து இழப்பு பற்றிய இந்தப் பயமே ஆளை வாட்டி எடுப்பதைக் கவனித்த மனநல நிபுணர் என்.என். விக், 1960-ல் அதற்கு 'தாத்' நோய்க்குறி என்று பெயர் வைத்தார். தாது என்பதைத்தான் வடக்கே 'தாத்' என்கிறார்கள்.

லாட்ஜ் வைத்தியம்

எங்கள் துறையின் பெயரைச் சொல்லித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது என்பதில் எனக்கு வெட்கம் உண்டு. ஆண்மையை, இன்பத்தைக் கூட்டுவதாகச் சொல்லி மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடை செய்கிறது. இருந்தும் பஸ் ஸ்டாண்டு சுவர்களைப் பாருங்கள்!

மூலிகை என்று சொல்லி விற்ற பொடிகளில் சில்டனாஃபில் என்ற அலோபதி மருந்தைக் கலந்திருந்தது பல நாடுகளில் பரிசோதனையில் தெரியவந்திருக்கிறது. நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் அதை விழுங்கினால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். சரியாகச் சுத்தி செய்யாத பற்ப, செந்தூரங்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். எனவே தயாரிப்பு லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதி தேதி இல்லாத டப்பா எதையும் வாங்காதீர்கள். 'தங்க பஸ்பம் சேர்ந்தது, ஒரு கோர்ஸ் பதினைந்தாயிரம்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டிலேயே செய்யும் பயிற்சி

செலவில்லாத சிகிச்சை இது. கணவன் மனைவி இருவரும் பேசி, சம்மதித்துச் செய்ய வேண்டும்.

1. முதல் இரண்டு வாரம் உறவு வேண்டாம். தொடுதலும் பேச்சும் மட்டும் போதும். 'இன்னிக்கு ஜெயிக்கணும்' என்ற பரீட்சைப் பயம் இதில்தான் போகும்.

2. பிறகு நிறுத்தித் தொடங்கும் முறை. ஜேம்ஸ் சீமன்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1956-ல் எழுதியது. கையால் தூண்டும்போது, இனி அடக்க முடியாது என்ற கட்டத்துக்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும். வேகம் தணிந்ததும் மறுபடி தொடங்க வேண்டும். மூன்று முறை நிறுத்தி, நான்காவது முறை விட்டுவிடலாம். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். கை வந்த பிறகு இதையே உறவின்போதும் நிதானமாகச் செய்யலாம்.

3. நிறுத்தும் சமயத்தில் உறுப்பின் நுனிக்குக் கீழே சில விநாடி மெதுவாக அழுத்திப் பிடிப்பது இன்னொரு முறை. மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இருவர் 1970-ல் இதைப் பிரபலப்படுத்தினார்கள். வலிக்கும்படி அழுத்தக் கூடாது.

4. அடியிடுப்புத் தசைப் பயிற்சி. சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளிழுத்து ஐந்து விநாடி பிடித்து, ஐந்து விநாடி விட வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை, தினம் மூன்று வேளை. யோகாசனத்தில் மூலபந்தம் பழகியவர்களுக்கு இது உடனே புரியும். சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்ய வேண்டாம்.

ஆணுறை அணிந்தால் உணர்ச்சி கொஞ்சம் மட்டுப்பட்டு நேரம் கூடும். சிலருக்கு அதுவே போதும். 'ஒரு பெக் போட்டா நேரம் கூடும்' என்பதை நம்பாதீர்கள். தொடர்ந்து குடித்தால் விறைப்பே போய்விடும்.

மருந்துகள்

சித்த மருத்துவத்தில் அமுக்கரா, பூனைக்காலி விதை, நிலப்பனைக் கிழங்கு, நீர்முள்ளி விதை, சாதிக்காய் முதலியவற்றை ஆள் பார்த்துக் கொடுப்போம். பதற்றம், தூக்கமின்மை உள்ளவர்களுக்கு அமுக்கரா உதவுகிறது. ஆனால் ஈரல் கோளாறு உள்ளவர்களும், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தாங்களாக அமுக்கரா எடுக்கக் கூடாது. சாதிக்காய் அளவு மீறினால் மயக்கமும் மனக் குழப்பமும் வரும். முருங்கைப் பூவைப் பாலில் காய்ச்சிக் குடிக்கலாம். நல்ல உணவுதான், ஆனால் அதுவே நேரத்தைக் கூட்டிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பயிற்சிக்கும் பலனில்லை என்றால் அலோபதியில் டபாக்சிடின் போன்ற மாத்திரைகளும், மரத்துப்போகச் செய்யும் மேல்பூச்சு மருந்துகளும் இருக்கின்றன. தலைசுற்றல், மயக்கம் வரலாம் என்பதால் டாக்டர் சீட்டில்லாமல் வாங்க வேண்டாம். நானே சிலரை அந்த டாக்டர்களிடம் அனுப்பியிருக்கிறேன். அதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

மனைவிமார்களுக்கு ஒரு வார்த்தை

உங்கள் கணவர் விலகி விலகிப் போனால் உடனே சந்தேகப்படாதீர்கள். 'நீங்க ஆம்பளைதானா?' என்ற ஒரு சொல் ஆயுசுக்கும் ஆறாது. குழந்தை இல்லையே என்று மாமியார் கேட்டால் பழியை நீங்களே சுமக்கவும் வேண்டாம். விந்து உள்ளே சேர்ந்தால், எவ்வளவு சீக்கிரம் சேர்ந்தாலும் கருத்தரிக்கத் தடையில்லை. சேரும் முன்பே வெளியேறிவிடுகிறது என்றால்தான் சிகிச்சை தேவை.

அந்த ரிக் வண்டித் தம்பி அடுத்த வாரம் மனைவியோடு வந்தார். சர்க்கரை, தைராய்டு எல்லாம் நார்மல். விஷயத்தை நான் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பெண் குனிந்தே உட்கார்ந்திருந்தது. பிறகு கணவரைப் பார்த்துக் கேட்டது: "இவ்வளவுதானுங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தோடும் போயிருக்காது, நானும் ரெண்டு மாசமா அழுதிருக்க மாட்டேனுங்களே!"

மழைக்காலம், வண்டி ஓடாத நேரம். வீட்டில் இருந்தபடியே பயிற்சியைச் செய்தார்கள். அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. மூன்றாவது மாதம் வந்தபோது "மூணு நாலு நிமிஷம் ஆகுதுங்க. சில நாள் பழையபடி ஆயிரும், ஆனா இப்ப பயமில்லை" என்றார். எனக்கு அது போதும்.

தோடு மட்டும் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் அந்த நிலை வர வேண்டாம். நரம்புத் தளர்ச்சி என்று யாராவது பயமுறுத்தும் முன், இன்று இரவே மனைவியிடம் பேசுங்கள். பிறகு பட்டம் பெற்ற ஒரு மருத்துவரிடம், அரசு மருத்துவமனையானாலும் சரி, இருவருமாகப் போங்கள்.