தடுப்பூசி போட்டும் ஏன் டி.பி.? திருவள்ளூர் சொன்ன பதில்

தோளில் இருக்கும் தழும்பைக் காட்டி, "இந்த ஊசி சின்ன வயசிலேயே போட்டாச்சே, அப்புறம் எப்படி டி.பி. வந்துச்சு?" என்று கேட்காத நோயாளிகள் குறைவு. பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி என்று எந்த அரசு மருத்துவமனைக்குப் போனாலும் சளி டப்பாவோடு வருகிறவர்களின் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுதான். தடுப்பூசி ஏன் காக்கவில்லை? தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்க வேண்டுமா? இருமல் நின்றுவிட்டதே, இன்னும் ஏன் மாத்திரை? வேலைக்குப் போகலாமா?

இந்தக் கேள்விகளில் முதலாவதற்கு உலகம் இன்று வைத்திருக்கும் பதிலின் பெரும்பகுதி திருவள்ளூர் வட்டாரத்து மக்களின் உடம்பிலிருந்து கிடைத்தது. மருத்துவக் கல்லூரிப் பாடநூல்களில் அது ‘செங்கல்பட்டு ஆய்வு’ என்ற பெயரில் இருக்கிறது. இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997-ல்தான் பிரிந்தது. ஆய்வு தொடங்கிய 1968-ல் இந்த ஊர்களெல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். அதனால் திருவள்ளூரின் பங்கு அதன் பெயரில் பதிவாகாமலே போய்விட்டது.

தோளில் தழும்பு விடும் அந்த பி.சி.ஜி. தடுப்பூசியை உருவாக்கியவர்கள் பிரான்சின் லில் நகரத்து ஆய்வாளர்கள் கால்மெட்டும் கெரானும். மாடுகளுக்குக் காசநோய் தரும் கிருமியை 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குன்றச் செய்தார்கள். 1921-ல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டே, 1948-ல், சென்னை கிண்டியில் அதைத் தயாரிக்கும் கூடம் வந்தது. ஆனால் அது எந்த அளவுக்குக் காக்கிறது என்பதில் நாடுகளுக்கிடையே ஒத்த கருத்து இல்லை. பிரிட்டனில் நடந்த ஆய்வு பள்ளிப் பிள்ளைகளிடம் நல்ல பாதுகாப்பைக் காட்டியது. அமெரிக்காவின் தென்பகுதி ஆய்வுகளில் பலன் சொற்பம். சந்தேகத்தைத் தீர்க்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தோடும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையோடும் சேர்ந்து இந்த வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தது.

பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதியதில் 3,66,625 பேர் பதிவானார்கள். 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. யாருக்கு உண்மையான தடுப்பூசி, யாருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி என்பதைக் குலுக்கல் முறை முடிவுசெய்தது. பிறகு 15 ஆண்டுகள் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையுமாக அதே கிராமங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நாற்று நடவும் அறுவடையும் பார்த்து வந்த மக்கள், இத்தனை ஆண்டுகள் சலிக்காமல் கையை நீட்டினார்கள், சளியைக் கொடுத்தார்கள். பி.சி.ஜி. குறித்து உலகில் நடந்த ஆய்வுகளில் இதைவிடப் பெரியது இல்லை.

முடிவு யாரும் எதிர்பாராதது. தொடக்கத்தில் கிருமித் தொற்று இல்லாதிருந்த 1,09,873 பேரில் 15 ஆண்டுகளில் 560 பேருக்கு நோய் வந்தது. தடுப்பூசி போட்ட பெரியவர்களுக்கும் வெறும் ஊசி போட்டவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. குழந்தைகளிடம் மட்டும் சிறிதளவு பாதுகாப்பு. முதல் கட்ட முடிவுகள் 1979-லும் 15 ஆண்டு முடிவுகள் 1999-லும் வெளியாயின.

ஏன் இப்படி? ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் வலுவானது இந்த மண்ணோடு தொடர்புடையது. காசநோய்க் கிருமியின் சொந்தக்காரக் கிருமிகள் பல, மண்ணிலும் ஏரித் தண்ணீரிலும் சாதாரணமாக வாழ்கின்றன. அவை பெரும்பாலும் நோய் தருவதில்லை. இந்த வட்டாரத்தில் இளவயதிலேயே பெரும்பாலோரின் உடல் அவற்றைச் சந்தித்துப் பழகியிருந்தது தோல் பரிசோதனையில் தெரிந்தது. ஏற்கெனவே பழகிய உடலுக்கு, அதே இனத்தைச் சேர்ந்த பி.சி.ஜி. புதிதாக எதையும் கற்றுத்தரவில்லை என்று கருதுகிறார்கள்.

அப்படியானால் பச்சிளம் குழந்தைக்கு ஊசி போடுவது வீணா? இல்லவே இல்லை. மூளை உறையைத் தாக்கும் காசநோயும் உடல் முழுதும் பரவும் காசநோயும் சிறு குழந்தைகளைக் கொன்றுவிடக்கூடியவை. அவற்றிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது என்பதற்குப் பல நாடுகளில் சான்று உண்டு. தோள் தழும்பு குழந்தைப் பருவத்துக்கான காவல். நாற்பது வயதில் நுரையீரலில் வரும் டி.பி.க்கு அதை நம்பியிருக்க முடியாது. இருமல் இரண்டு வாரம் நீடித்தால், ஊசி போட்டவரும் சளியைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கிருமியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். ராபர்ட் கோக் அதை 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். அதற்கு முன் இது பரம்பரை நோய், சாபம், இரத்தக் கெடுதி என்றெல்லாம் நம்பப்பட்டது. மெழுகு போன்ற தடித்த சுவர் கொண்ட கிருமி இது. வயிற்றுப்போக்கு தரும் பாக்டீரியாக்களில் சில 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். இது ஒருமுறை இரட்டிக்க ஏறத்தாழ 20 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பது அதனால்தான். மரபணுவைச் சோதிக்கும் ட்ரூநாட் போன்ற கருவிகள் வந்தபின் சில மணி நேரத்தில் விடை கிடைக்கிறது. ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி அடங்குமா என்பதும் உடனே தெரிந்துவிடுகிறது.

கிருமி உள்ளே புகுந்த எல்லோரும் நோயாளி ஆவதில்லை. உலக மக்களில் நான்கில் ஒரு பங்கினர் இந்தக் கிருமியின் தொற்றுக்கு ஆளானவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் எப்போதாவது நோய் வெளிப்படும். மற்றவர்களிடம் கிருமி அடங்கிக் கிடக்கும், அவர்களிடமிருந்து யாருக்கும் பரவாது.

தட்டு, டம்ளர் விஷயத்துக்கு வருவோம். மருமகளுக்கு டி.பி. என்றதும் தனிப் பாத்திரம், தனிப் படுக்கை, கடைசியில் பிறந்த வீடு என்று தள்ளிவைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. அத்தனையும் தேவையற்ற கொடுமை. இந்த நோய் காற்றில் பரவுகிறது. அமெரிக்காவின் பால்டிமோரில் ரிச்சர்டு ரைலி என்பவர் 1950-களின் இறுதியில் இதைத் தெளிவாகக் காட்டினார். காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியாகக் கினிப் பன்றிகள் இருந்த கூண்டுகளுக்கு அனுப்பினார். தொடாமல், பார்க்காமல், அந்தக் காற்றை மட்டும் சுவாசித்த விலங்குகளுக்குத் தொற்று வந்தது. அதே காற்றைப் புற ஊதாக் கதிர் வழியே செலுத்தி அனுப்பியபோது வரவில்லை. ஆகவே நோயாளி வீட்டில் செய்ய வேண்டியது ஜன்னலைத் திறந்து வைப்பதும், இருமும்போது வாயை மூடுவதும், மாத்திரையை முதல் நாளே தொடங்குவதும்தான். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பரவும் தன்மை பெருமளவு அடங்கிவிடுகிறது.

நோயாளியை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்ற துணிச்சலும் சென்னையிலிருந்தே பிறந்தது. 1950-கள் வரை காசநோய் என்றால் சானடோரியம்தான். தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-ல் தொடங்கியது அந்த வகை. ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் படுக்கைகள் சில நூறு, நோயாளிகள் லட்சக்கணக்கில். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஒரு நேரடி ஒப்பீட்டைச் செய்தது. 193 நோயாளிகளில் ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, செவிலியர் கவனிப்போடு இருந்தார்கள். மறு பிரிவினர் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். 1959-ல் வந்த முடிவில் இரு தரப்பும் ஏறத்தாழச் சமமாகக் குணமடைந்திருந்தனர். வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவும் இல்லை. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே பரவல் பெரும்பாலும் நடந்து முடிந்துவிடுகிறது என்பதே காரணம். உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட இது வழிவகுத்தது. அந்த மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இருமல் நின்ற பிறகும் ஆறு மாதம் எதற்கு? முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு நான்கு மாதம் மூன்று மருந்துகள் என்பது இப்போதைய முறை. வேகமாகப் பெருகும் கிருமிகளை முதல் வாரங்களிலேயே மருந்து அழித்துவிடுகிறது, காய்ச்சலும் இருமலும் விலகிவிடுகின்றன, பசி திரும்புகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் அசையாமல் கிடக்கும். பெருகாத கிருமியை மருந்து எளிதில் தொடாது. அது எழும்போதெல்லாம் அடிக்க மருந்து உடலில் இருந்தாக வேண்டும். பாதியில் நிறுத்தினால் மிஞ்சியவை திரும்ப எழும், மருந்துக்கு அடங்காதவையாகவும் மாறலாம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவதைக் கண்டு பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. அது ரிஃபாம்பிசினின் நிறம், கெடுதல் இல்லை. கண் மஞ்சளித்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

திருவள்ளூரின் இரண்டாம் அத்தியாயம் 1999-ல் தொடங்கியது. நேரடிக் கண்காணிப்பில் மருந்து தரும் டாட்ஸ் முறையை ஆராய்ச்சி நிறுவனம் இங்கே முன்மாதிரியாக நடத்தி, இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை மக்களிடையே நோய் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தது. முதல் மூன்று கணக்கெடுப்புகளில் நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நல்ல மருந்தை ஒழுங்காகக் கொண்டுசேர்த்தாலே இவ்வளவு முடியும் என்பது பெரிய செய்தி. ஆனால் 2006-08-ல் எடுத்த நான்காவது கணக்கெடுப்பில் இறக்கம் நின்று, சற்றே ஏறியிருந்தது. மாத்திரையால் எட்ட முடியாத ஏதோ ஒன்று மிஞ்சியிருந்தது.

அதைக் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால் பார்க்கலாம். உருக்காலைகள், ரோலிங் மில்கள், பவுண்டரிகள். வார்ப்பு மணலிலிருந்து கிளம்பும் நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்தால், கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய அணுக்கள் செயலிழக்கின்றன. சிலிக்கா தூசி நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. வேலை முடிந்து திரும்பும் இடமோ, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பலர் ஷிப்ட் மாற்றி மாற்றிப் படுக்கும் ஒற்றை அறை. ஜன்னல் இருந்தாலும் கொசுவுக்காக மூடியே இருக்கும். ரைலியின் கூண்டுக்கும் இந்த அறைக்கும் காற்றோட்டத்தைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. இவற்றோடு பீடி, மது, கட்டுப்படாத சர்க்கரை நோய், அரைவயிறு.

செங்கல் சூளைகளில் சிக்கல் வேறு விதம். ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கம் சூளை வேலை மழை ஓய்ந்தபின் தொடங்கி, அடுத்த மழைக்கு முன் முடிந்துவிடும். மாசியில் நோய் தெரிந்து மருந்து தொடங்கிய தொழிலாளி, சிகிச்சை முடிவதற்குள் ஒடிசாவுக்கு ரயிலேறியிருப்பார். அரசின் காசநோயாளர் பதிவேடான நிக்ஷயில் அவருக்குள்ள பதிவு எண்ணைச் சொன்னால், நாட்டின் எந்த அரசு மருத்துவமனையிலும் மருந்தைத் தொடரலாம். அந்த எண்ணைக் கையில் எழுதிக் கொடுத்து, அவர் மொழியில் எடுத்துச் சொல்லி அனுப்புவது மேஸ்திரியும் நிர்வாகமும் செய்யக்கூடிய வேலை. நோய் என்றதும் கணக்கை முடித்து அனுப்பிவிடுவதுதான் நடக்கிறது. அதனால் அடுத்தவர் இருமலை மறைக்கிறார், பக்கத்துப் படுக்கைக்காரர் பலியாகிறார்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தும் நூற்றுக்கு 64 பேர் மருத்துவரிடம் போகவே இல்லை என்று தெரிந்தது. எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் 42 சதவீதத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் தப்பியிருப்பார்கள். ஆலை வாசலுக்கே எக்ஸ்ரே வண்டி வர வேண்டும் என்று கேட்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

சாப்பாட்டின் பங்கை நிறுவியது ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு. நோயாளியின் குடும்பத்துக்கு மாதந்தோறும் உணவுப் பொருள் கொடுத்ததில், வீட்டாருக்குப் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்ததாக 2023-ல் வெளியான முடிவு சொல்கிறது. நோயாளிக்கு ஒன்றிய அரசு தரும் மாத உதவி 2024 நவம்பரிலிருந்து 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்ததும் இந்தத் திசையில்தான்.

தமிழ்நாடு 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின் பின்னாலும் இந்த வட்டாரத்து நிறுவனம் ஒன்று இருக்கிறது. அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் அதற்கு வழிகாட்டுகிறது. நோய் உறுதியானதும் எடை, உயரம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, தாங்கலின்றி நிற்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். மிகவும் மெலிந்தவரையும் மூச்சு வாங்குகிறவரையும் வீட்டுக்கு அனுப்பாமல் படுக்கையில் சேர்த்துக்கொள்வார்கள். காசநோய் மரணங்களில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களிலேயே நிகழ்வதால்தான் இந்த அவசரம்.

நோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்கும் மருந்து உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அவர்களுக்கு நோய் இல்லை என்று சோதித்து உறுதிசெய்தபின், ஆறு மாதம் தினமும் ஐசோனியசிட் அல்லது வாரத்துக்கு ஒருமுறையாக 12 வாரம் இரு மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், அதற்குத் தோளில் தழும்பு இருந்தாலும், முதலில் அழைத்துப்போக வேண்டியது அந்தக் குழந்தையை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் கட்டணம் இல்லை.