வயசா, வியாதியா? மூளைப் படம் எதைச் சொல்லும்?

எங்கள் பக்கத்துப் பாட்டிமார் கழுத்துச் சங்கிலியில் குறைந்தது இரண்டு ஊக்காவது தொங்கும். முள் எடுக்க ஒன்று, சேலைக் கொசுவத்தைக் குத்த ஒன்று. எம்.ஆர்.ஐ. அறையில் எனக்கு முதல் எதிரி அந்த ஊக்குதான். அங்குள்ள காந்தம் பெரும்பாலும் 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. தங்கத்தை அது இழுக்காது. இரும்பு ஊக்கை அம்பாகப் பறக்கவிடும். "ஊக்க மட்டும் எடுத்தா போதுமா தம்பி, தாலியையுமா?" என்று கேட்பார்கள். தாலியையும்தான், விதி அப்படி. தாத்தா அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பார்.

அரசாங்க மருத்துவமனைகளில் எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எடுத்தே பணி ஓய்வு பெற்றவன் நான். பிறந்தது மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்). 2007-இல் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் வைத்தார்கள். எங்கள் ஆட்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொக்கோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்ட தென்னமரம் எங்களுக்குப் பக்கம். ஆனாலும் என் பெற்றோர் காலத்தில் எங்களுக்குச் சோறு போட்டது ரப்பர்தான். விடியுமுன் பிரட்டுக்கு (பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போய், நெற்றியில் விளக்குக் கட்டிப் பால் வெட்டியவர்களுக்கு இப்போது எழுபத்தைந்து, எண்பது வயது. என் மேசையில் வந்து படுத்தவர்களில் அவர்களும் உண்டு.

கூட வரும் மகன் தவறாமல் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, வயசுக்கு வர்ற மறதியா, இல்ல அந்த நோயா? படத்துல தெரிஞ்சிடும்ல?"

பாதி தெரியும். அந்தப் பாதி எது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வயதானால் எல்லோருக்கும் மூளை சுருங்கும். மடிப்புகளுக்கு நடுவே இடைவெளி அகலும், உள்ளே நீர் நிற்கும் அறைகள் பெரிதாகும். ஆகவே 'மூளை சுருங்கியிருக்கிறது' என்று அறிக்கையில் பார்த்தவுடன் அழத் தேவையில்லை. எங்கே, எவ்வளவு, எத்தனை வயதில் என்பதுதான் கேள்வி. அல்ஸைமர் நோய் என்றால் மருத்துவர் முதலில் ஹிப்போகேம்பஸைத்தான் தேடுவார். காதுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும், சுண்டுவிரல் பருமனில் கிடக்கிறது. புதிய நினைவுகள் பதிய அது வேண்டும். நல்ல நிலையிலுள்ள முதியவருக்கு அது ஆண்டுக்கு ஒன்று, ஒன்றரை விழுக்காடு தேயும். அல்ஸைமர் நோயாளிக்கு நாலரை விழுக்காடு வரை போகும். அதைச் சுற்றியுள்ள தேய்மானத்துக்குக் கண்ணால் பார்த்தே 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும் முறையை நெதர்லாந்தின் ஷெல்டன்ஸ் குழுவினர் 1992-இல் வெளியிட்டார்கள். 75 வயதைத் தாண்டியவருக்கு 2 வந்தாலும் வயதுக்கு ஏற்றது என்று விட்டுவிடுவதுண்டு. 62 வயதுக்காரருக்கு அதே 2 வந்தால் விஷயம் வேறு.

இதில் எங்கள் தோட்டத்துக்கென்று ஒரு சிக்கல். அடையாள அட்டையிலுள்ள பிறந்த தேதி பலருக்கும் யாரோ குத்துமதிப்பாகச் சொல்லி எழுதியது. பாட்டிக்கு உண்மையில் 73-ஆ 79-ஆ? அவருக்கே தெரியாது. 'ஜப்பான்காரன் போனப்ப நான் தவழ்ந்துக்கிட்டு இருந்தேன்' என்பதை மதிப்பெண்ணாக மாற்ற எந்தக் கருவியும் இல்லை. 'இயல்பான முதுமை' என்று புத்தகத்தில் காட்டும் மூளைகளும் பெரும்பாலும் மேல்நாட்டுப் படித்தவர்களுடையவை. கர்நாடகாவின் கோலார் மாவட்டத்தில், ஸ்ரீநிவாசபுரா கிராமத்து மக்களை 2018 முதல் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறார்கள் பெங்களூரு மூளை ஆய்வு மையத்தினர். நம் கிராமத்து மூளைக்கு எது இயல்பு என்பது அப்படித்தான் தெரியவேண்டும்.

தலையைப் படம் எடுப்பதால் வரும் மிகப் பெரிய லாபம் அல்ஸைமரைக் கண்டுபிடிப்பது அல்ல. அல்ஸைமர் போல நடிப்பதைப் பிடிப்பது.

ஒரு தாத்தா. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். குளியலறையில் வழுக்கி விழுந்து, ஒன்றும் இல்லை என்று எழுந்துவிட்டார். ஒன்றரை மாதம் கழித்துச் சட்டையைத் தலைகீழாக மாட்டினார், அடுப்படி மூலையில் சிறுநீர் கழித்தார். 'புத்தி பெரண்டுபோச்சு, வயசு அப்படி' என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். நடை தள்ளாடத் தொடங்கிய பிறகே கொண்டுவந்தார்கள். சி.டி. எடுக்கச் சில நிமிடங்கள்தான். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே பிறை வடிவில் ஒரு கறுப்புப் பட்டை. பழைய இரத்தம் தேங்கி மூளையை ஒரு பக்கம் தள்ளியிருந்தது. ஓட்டில் துளை போட்டு வடித்தார்கள். சில வாரங்களில் மறுபரிசோதனைக்கு வந்தவர், மருத்துவமனைக் கேண்டீன் கோப்பியைக் குறை சொன்னார். கட்டி, மூளைக்குள் நீர்த்தேக்கம் ஆகியவற்றையும் படம் காட்டிவிடும். தைராய்டு குறைவையும் பி12 பற்றாக்குறையையும் காட்டாது. அதற்கு இரத்தப் பரிசோதனை.

நம்மவர்களிடம் நான் அதிகம் பார்த்தது வெள்ளைப் புள்ளிகள். நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபட்டு, எம்.ஆர்.ஐ.யில் பஞ்சுத் துணுக்காகத் தெரியும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நாட்டின் பெரிய இனங்களில் நாம்தான் முதலிடம். நீரிழிவோடு இரத்த அழுத்தமும் சேர்ந்தால் புள்ளிகள் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். பாதி இரத்தக் குழாய்க் கோளாறு, பாதி அல்ஸைமர் என்று கலந்து வருவதும் நிறைய.

படமே ஏமாற்றுவதும் உண்டு. அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் 678 கன்னியாஸ்திரிகளை வைத்து நடத்திய ஆய்வில், சிஸ்டர் மேரி என்பவர் 101 வயதில் இறக்கும்வரை தெளிவாக இருந்தார். மூளையைத் திறந்தால் அல்ஸைமரின் படிவுகள் ஏராளம். உயிரோடு இருப்பவரிடமே அந்த அமிலாய்டு படிவைக் காட்டும் 'பெட்' படம் 2000-க்குப் பிறகு வந்தது. மறதியே இல்லாத முதியவர்களில் நான்கைந்து பேருக்கு ஒருவருக்காவது அதில் படிவு தெரிகிறது. 'பெட்' எடுக்க ஊசியில் ஏற்றும் ஃபுளோரின்-18 மருந்து 110 நிமிடத்தில் பாதியாகக் கரையும், வாங்கிச் சேமித்துவைக்க முடியாது. செலவும் அதிகம். எங்கள் கோலசிலாங்கூர்ப் பக்கத்திலிருந்து வருகிற எல்லோருக்கும் எழுதித் தருகிற பரிசோதனை இல்லை அது.

சரி, படம் வேண்டாம், கேள்வி கேட்டே கண்டுபிடிக்கலாமே என்றால், அங்கேயும் முட்டுக்கட்டை. உலகம் முழுக்கப் பயன்படும் 30 மதிப்பெண் தேர்வில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்கள், படத்தைப் பார்த்து வரையச் சொல்வார்கள். ஆயாக்கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) தம்பிகளைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்ட பெண், பேனாவைப் பிடித்ததே சம்பளத் தாளில் கைநாட்டுக்குப் பதில் கையெழுத்துப் போடப் பழகியபோதுதான். அவர் தோற்றால் நோயா, பள்ளிக்கூடம் இல்லாததா? 2018-இல் மலேசிய முதியோரைக் கணக்கெடுத்தபோது, ஆப்பிரிக்கக் கிராமங்களுக்காக வடிவமைத்த 'ஐடியா' என்ற சோதனையைப் பயன்படுத்தினார்கள். தீக்குச்சிகளை அடுக்கிக் காட்டவேண்டும், பாலம் என்றால் என்ன என்று சொல்லவேண்டும். எழுத்து வேண்டாம். அதன்படி 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு முதுமை மறதி நோய் இருக்கக்கூடும் என்று வந்தது. சோதனை என்றால் இப்படி இருக்கவேண்டும் என்பது என் கட்சி.

தோட்டம் மூடி, லயத்தைவிட்டு மலிவு விலை அடுக்குமாடிக்குப் போன குடும்பங்களில்தான் மறதி திடீரென்று வெளியே தெரிகிறது. லயத்தில் கோயில், குழாயடி, கடை எல்லாம் கால் அறிந்த வழி. நான்காம் மாடியில் எல்லாக் கதவும் ஒரே மாதிரி. 'வீடு மாறினதுலேருந்து இப்படி ஆயிட்டாங்க' என்பார்கள். பெரும்பாலும் அதற்கு முன்பே தொடங்கியிருக்கும்.

என்னிடம் வந்த ஒரு பாட்டியின் தாளில் எழுதியிருந்தது ஒரே வரி: 'மறதி, டிமென்ஷியாவா?' மகனுக்கு ஓவர்டைம். அன்று மருமகள் வந்திருந்தார். வளையலைச் சோப்புப் போட்டு உருவும்போது மெல்லப் பேச்சுக் கொடுத்தார். "பீரோ மேல சின்னப் பிள்ளைங்க உக்காந்திருக்குன்னு சாயங்காலத்துல பேசுவாங்க அண்ணே. பிஸ்கட் எடுத்து நீட்டுவாங்க. மறுநாள் காலைல நல்லா இருப்பாங்க. தூக்கத்துல எட்டி எட்டி உதைக்கிறாங்க. பூசாரிகிட்ட ரெண்டு தடவை போய் வந்தோம்." இதை டாக்டரிடம் சொன்னீர்களா என்றேன். "அவரு வீட்டுக்காரர்கிட்டதான் கேட்டாரு."

படத்தில் அந்தப் பாட்டியின் ஹிப்போகேம்பஸ் வயதுக்குப் பரவாயில்லை. வெறும் படத்தையும் அந்த ஒரு வரியையும் வைத்தால் 'முதுமைதான்' என்று அனுப்பியிருக்கலாம். நான் மருத்துவரைக் கூப்பிட்டு மருமகள் சொன்னதைச் சொன்னேன். இல்லாததைக் காண்பது, நாளுக்கு நாள் ஏறி இறங்கும் தெளிவு, தூக்கத்தில் உதைப்பது மூன்றும் சேர்ந்தால் மருத்துவர்கள் நினைப்பது லூவி பாடி டிமென்ஷியா. அதில் ஹிப்போகேம்பஸ் அதிகம் தேயாமல் இருப்பதே ஒரு தடயம். அந்த நோயாளிக்குப் பிரமையை அடக்கச் சில மனநல மருந்துகளை வழக்கம்போல் கொடுத்தால் உடம்பு விறைத்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அடுத்த சந்திப்புக்கு மருமகளையும் வரச்சொல்லி மருத்துவர் எழுதிக்கொடுத்தார்.

பரிசோதனைத் தேதி கிடைத்ததும் குடும்பத்தில் யார் கார் ஓட்டுவது என்றுதான் முடிவெடுக்கிறார்கள். ஓட்டுகிறவர் ஓட்டட்டும். பாட்டியோடு ஒரே வீட்டில் தூங்கி எழுகிறவர் பக்கத்து இருக்கையில் வரவேண்டும். மறதி மெல்ல மெல்ல வந்ததா, ஒரே நாளில் வந்ததா, எப்போது விழுந்தார், வாசனையும் ருசியும் தெரிகிறதா, சாமான் எண்ணிக் காசு கொடுக்க முடிகிறதா என்று அவருக்குத்தான் தெரியும். மருந்துப் பையையும் அப்படியே கொண்டுவாருங்கள். கிளினிக்கில் கொடுத்ததோடு, சின்சே (சீன வைத்தியர்) கடை உருண்டையும், அரிப்புக்கும் சளிக்கும் கடையில் வாங்கி ஆண்டுக்கணக்காகப் போட்டுக்கொள்ளும் அந்தச் சின்ன பிரிட்டான் மாத்திரையும் அதில் இருக்கட்டும். முதியவருக்கு அது ஒன்றே புத்தியைக் குழப்பிவிடலாம். எந்தப் படத்திலும் தெரியாது.