ஒரு சிறு கோடு. ஒரு கடை மாயம்!

கடை திறந்து இருக்கிறது. சரக்கு நிறைய இருக்கிறது. விலையும் நியாயமான விலைதான்.

ஆனால் வாங்க ஆள் வரவில்லை!

காரணம் என்ன? கடைக்கு வரும் வழியே யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைந்துவிட்டது.

இது கண்கட்டு வித்தை அல்ல. இணையதளத்தில் கடை வைத்து இருப்பவர்களுக்கு நேரக்கூடிய சங்கடம்தான். இப்படி மறைந்துபோன கடைகளை மீட்டுக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களை "எஸ்.இ.ஓ. நிபுணர்கள்" என்று அழைக்கிறார்கள்.

அவர்கள் செய்யும் வேலை என்ன? ஒரு பாத்திரக் கடையின் கதையாகச் சொன்னால் எளிதில் விளங்கும். இது ஏதோ ஒரு கடையின் கதை அல்ல. இதே போல் மாட்டிக்கொண்ட பல கடைகளின் கதை.

"தம்பி, கடையைக் காணோம்!"

தந்தை காலத்தில் இருந்து நடந்து வரும் கடை அது. பித்தளைக் குத்துவிளக்கு, வெண்கலப் பானை, செம்புக் குடம் எல்லாம் அங்கே கிடைக்கும்.

கடைவீதியில் வியாபாரம் குறைந்தது. பெரியவர் சோர்ந்துவிடவில்லை. இணையதளத்திலும் விற்கத் தொடங்கினார். வெளியூர்களில் இருந்து ஆர்டர்கள் வந்தன. கடையில் வேலை செய்யும் 6 பேரின் சம்பளத்தில் பாதி, அந்த வெளியூர் வியாபாரத்தில் இருந்துதான் வந்தது.

இணையதளம் பழையதாகிவிட்டது என்று, அதை மாற்றி அமைக்க ஒரு கம்பெனியிடம் கொடுத்தார். புதிய தளம் வந்தது. குத்துவிளக்கின் படம் தங்கம் போல் பளபளத்தது. பெரியவருக்கு மகிழ்ச்சி.

3 வாரங்கள் சென்றன. வெளியூர் ஆர்டர்கள் அடியோடு நின்றுவிட்டன. தீபாவளிக்கோ இன்னும் 40 நாள்தான் இருந்தது!

பெரியவர் பதறிப்போய் அந்தக் கம்பெனிக்கு போன் செய்தார். அங்கே வேலை பார்க்கும் எஸ்.இ.ஓ. நிபுணர் பேசினார். அவர் ஓர் இளைஞர்.

"தம்பி, கூகுளில் தேடினால் என் கடையைக் காணோம்!"

"பதற வேண்டாம், ஐயா. இன்றைக்கே பார்த்துச் சொல்கிறேன்."

கூகுள் எப்படித் தேடுகிறது?

கூகுள் 1998-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்த லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இருவர் அதைத் தொடங்கினார்கள்.

நாம் ஒரு சொல்லைத் தட்டியதும் கூகுள் அப்போதுதான் உலகம் எல்லாம் ஓடிப் பார்க்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. முன்கூட்டியே பார்த்து எழுதி வைத்து இருக்கிறது.

கூகுளிடம் "பாட்" என்ற வேலைக்காரன் உண்டு. அவன் மனிதன் அல்ல. ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம். இரவு பகல் பாராமல் அவன் இணையதளங்களைச் சுற்றி வருகிறான். ஒரு பக்கத்தைப் படிக்கிறான். அதில் உள்ள இணைப்பைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறான்.

படித்தது எல்லாம் ஓர் அட்டவணையில் ஏறுகிறது. பெரிய புத்தகங்களின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் இருக்கும் அல்லவா? அதைப் போன்றதுதான் இது.

நாம் "குத்துவிளக்கு" என்று தேடினால், கூகுள் அந்த அட்டவணையைப் புரட்டி, பொருத்தமான பக்கங்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறது.

ஆகவே, பாட் உள்ளே வந்து படித்தால்தான் கடைக்கு வாழ்வு. அவனை வாசலிலேயே தடுத்துவிட்டால்?

பாத்திரக் கடைக்கு நடந்தது அதுதான்!

வாசலில் ஓர் அறிவிப்பு

இணையதளங்களின் வாசலில் ஒரு சிறு அறிவிப்புத் தாள் இருக்கும். அதன் பெயர் "ரோபாட்ஸ்" கோப்பு. பாட் வந்ததும் முதலில் அதைத்தான் படிப்பான். "இந்த அறைக்குள் போகலாம், அந்த அறைக்குள் போகாதே" என்று அதில் எழுதி இருக்கும்.

இந்த ஏற்பாட்டை 1994-ம் ஆண்டில் யோசித்துச் சொன்னவர் மார்ட்டின் கோஸ்டர் என்ற கம்ப்யூட்டர் நிபுணர். அந்தக் காலத்தில் பாட்கள் கூட்டமாக வந்து புகுந்ததால், சிறிய கம்ப்யூட்டர்கள் பாரம் தாங்காமல் திணறின. அதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. 2022-ம் ஆண்டில் இது முறையான இணைய விதியாக வெளியிடப்பட்டது.

இது பூட்டு அல்ல. வெறும் வேண்டுகோள்தான். ஆனால் கூகுளின் பாட் அதை மதித்து நடக்கிறான்.

அந்தத் தாளில் "டிஸ்அல்லவ்" என்று ஒரு சொல் வரும். "அனுமதி இல்லை" என்று பொருள். அதன் பின்னால் ஒன்றும் எழுதாவிட்டால், எங்கும் தடை இல்லை என்று அர்த்தம். ஒரு சாய்ந்த கோட்டை ( / ) மட்டும் போட்டுவிட்டால், தளம் முழுவதற்கும் தடை!

ஒரே ஒரு கோடு! கடை முழுவதையும் இழுத்து மூட அது போதும்.

இளைஞர் பாத்திரக் கடையின் ரோபாட்ஸ் கோப்பைத் திறந்தார். அந்தக் கோடு அங்கே நின்றது.

வந்தது எப்படி?

புதிய தளத்தைக் கட்டும்போது, வேலை முடியும் வரை யாரும் பார்க்கக்கூடாது என்று அந்தக் கோட்டைப் போட்டு வைப்பது உண்டு. திறப்பு விழா அன்று மறக்காமல் அதை எடுத்துவிட வேண்டும்.

எடுக்க மறந்துவிட்டார்கள்!

கடை ஒரேயடியாக மறைந்துவிடவில்லை. முதலில், கூகுளில் கடையின் பெயருக்குக் கீழே வரும் விவரம் போனது. பிறகு ஒவ்வொரு பக்கமாகப் பின்னுக்குப் போயிற்று. "குத்துவிளக்கு" என்று தேடுகிறவர்களுக்கு வேறு கடைகள்தான் தெரிந்தன.

சொல்வதா, மறைப்பதா?

இளைஞருக்கு ஒரு சோதனை வந்தது. தளத்தைக் கட்டியது அவருடைய கம்பெனி. கோட்டை எடுக்க மறந்ததும் அவர்களேதான்.

"கூகுள் தன் விதியை மாற்றிவிட்டது, ஐயா" என்று சொல்லித் தப்பித்து இருக்கலாம். பெரியவருக்கு உண்மை தெரியப்போவது இல்லை. கோட்டை ஓசைப்படாமல் அழித்துவிட்டு, "நாங்கள் சரி செய்தோம்" என்று அதற்கும் பில் போட்டு இருக்கலாம்!

அவர் அப்படிச் செய்யவில்லை. முதலில் கோட்டை அழித்தார். பிறகு போனை எடுத்தார்.

"ஐயா, தவறு எங்களுடையது. நாங்கள் மறந்துவிட்ட ஒரு கோடு உங்கள் கடையை மறைத்துவிட்டது. இப்போது எடுத்துவிட்டோம்."

சிறிது நேரம் பெரியவர் பேசவில்லை.

"மறைக்காமல் சொன்னீர்களே, சரி. ஆனால் தீபாவளிக்குள் கடை வந்தாக வேண்டும். அதுவரை உங்களுக்கு ஒரு பைசா கிடையாது!"

"சரி, ஐயா."

கூகுளே சறுக்கியது!

கோடு விஷயத்தில் பெரிய இடத்திலும் தவறு நேர்ந்து இருக்கிறது.

2009-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி, இந்திய நேரப்படி இரவு 8 மணி அளவில், கூகுளில் எதைத் தேடினாலும், "இந்தத் தளம் உங்கள் கம்ப்யூட்டருக்குத் தீங்கு செய்யக்கூடும்" என்ற எச்சரிக்கை வந்தது. நல்ல தளம், கெட்ட தளம் என்ற பேதமே இல்லை!

காரணம் என்ன தெரியுமா? தீய தளங்களின் பட்டியலில், யாரோ தவறுதலாக வெறும் சாய்ந்த கோட்டைச் சேர்த்துவிட்டார்கள். எல்லா முகவரிகளிலும் அந்தக் கோடு உண்டு. ஆகவே எல்லாத் தளங்களுமே தீயவை ஆகிவிட்டன!

ஏறத்தாழ 40 நிமிடத்தில் சரி செய்தார்கள். இது மனிதத் தவறு என்று கூகுளே ஒப்புக்கொண்டது.

ஒன்றைத் தேடினால் நான்கு

கோட்டை எடுத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. "சர்ச் கன்சோல்" என்று ஒன்று இருக்கிறது. தளத்தின் சொந்தக்காரருக்குக் கூகுள் இலவசமாகக் கொடுக்கும் நோட்டுப் புத்தகம் அது. எந்தப் பக்கத்தைப் படித்தோம், எதைப் படிக்க முடியவில்லை என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். இளைஞர் அதைப் பார்த்தார். இன்னும் 4 குறைகள் தெரிந்தன.

முதல் குறை, முகவரி. புதிய தளத்தில் பொருள்களின் முகவரிகள் எல்லாம் மாறி இருந்தன. பழைய முகவரிக்குப் போனால் "404" என்ற எண் வந்தது. "அப்படி ஒரு பக்கம் இங்கே இல்லை" என்று பொருள்.

வீடு மாறுகிறவர்கள் தபால் ஆபீசில் புது முகவரியை எழுதிக் கொடுப்பது இல்லையா? அதே போல் இங்கே "301" என்ற எண்ணைக் கொடுக்க வேண்டும். "நிரந்தரமாகக் குடிபோய்விட்டோம், புது முகவரி இதுதான்" என்று அர்த்தம். "302" என்று போட்டால், "தற்காலிகமாகப் போய் இருக்கிறோம்" என்று ஆகிவிடும். இந்த ஏற்பாட்டைக் குறைந்தது ஓர் ஆண்டாவது விட்டு வைக்கும்படி கூகுள் சொல்கிறது.

இரண்டாவது குறை, இரட்டைப் பக்கங்கள். ஒரே குத்துவிளக்கை விலை வரிசையில் பார்த்தால் ஒரு முகவரி. அளவு வரிசையில் பார்த்தால் இன்னொரு முகவரி. எது அசல் என்று பாட் குழம்பினான். "இதுதான் மூலப் பக்கம்" என்று காட்ட, "கனானிக்கல்" என்ற குறி இருக்கிறது. கூகுள், யாகூ, மைக்ரோசாப்ட் ஆகிய 3 கம்பெனிகளும் 2009-ம் ஆண்டில் அதை ஏற்றுக்கொண்டன.

மூன்றாவது குறை, வரைபடம். தளத்தில் உள்ள பக்கங்களின் பட்டியலைப் பாட்டிடம் கொடுக்கலாம். அதற்கு "சைட்மேப்" என்று பெயர். ஒரு பட்டியலில் 50,000 முகவரிகள் வரை எழுதலாம். பாத்திரக் கடையில் சில நூறு முகவரிகள்தான். ஆனால் பட்டியலில் இருந்தவை எல்லாம் பழைய முகவரிகள்!

நான்காவது குறை, பாரம். பளபளத்த படங்கள் மிகப் பெரியவை. செல்போனில் திறந்தால், விளக்கு தெரிவதற்குள் வாங்க வந்தவர் சலித்துப் போய்விடுவார். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது கூகுளின் கணக்கு. செல்போனில் தெரியும் வடிவத்தைத்தான் கூகுள் முதன்மையாகப் படிக்கிறது.

இளைஞர் ஒவ்வொரு குறையாகத் தீர்த்தார். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. ஒன்றை மாற்றி, பலனைப் பார்த்து, குறித்துக்கொண்டு அடுத்ததைத் தொட்டார். மொத்தமாக மாற்றினால், எந்த மருந்தில் நோய் தீர்ந்தது என்றே தெரியாமல் போய்விடும் அல்லவா?

குறுக்கு வழி

10 நாள் ஆயிற்று. பெரியவருக்குப் பொறுமை போய்விட்டது.

"வேறு ஒருவர், பணம் கொடுத்தால் ஒரே நாளில் முதல் இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்கிறாரே, தம்பி?"

"முதல் இடத்துக்கு யாருமே உத்தரவாதம் கொடுக்க முடியாது என்று கூகுளே எழுதி வைத்து இருக்கிறது, ஐயா. குறுக்கு வழியில் போனால், இருப்பதும் போய்விடும்."

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2006-ம் ஆண்டு பிப்ரவரியில், ஜெர்மனியின் புகழ்பெற்ற பி.எம்.டபிள்யூ. கார் கம்பெனியின் தளத்தையே கூகுள் தன் பட்டியலில் இருந்து நீக்கியது. பாட் படிப்பதற்கு ஒரு பக்கம், மனிதர் பார்ப்பதற்கு வேறு பக்கம் என்று வைத்து இருந்ததுதான் காரணம். அந்தப் பக்கங்களை எடுத்த பிறகு, சில நாளில் மீண்டும் சேர்த்துக்கொண்டது.

விளக்கு எரிந்தது

பாட் திரும்பி வந்து படிக்கச் சில நாள் ஆகலாம். சில வாரமும் ஆகலாம். அவனை அழைக்கலாம், இழுத்து வர முடியாது.

இரண்டாவது வாரம் கடையின் பெயருக்குக் கீழே விவரம் தெரிந்தது. நான்காவது வாரம் "குத்துவிளக்கு" தேடலில் கடை இரண்டாம் பக்கத்துக்கு வந்தது. முதல் பக்கம் அல்ல; ஆனால் வழி திறந்துவிட்டது.

தீபாவளிக்கு 9 நாள் இருக்கும்போது முதல் வெளியூர் ஆர்டர் வந்தது. ஒரு ஜோடி குத்துவிளக்கு. பெரியவர் அதைத் தம் கையாலேயே துடைத்துக் கட்டி அனுப்பினார்.

போன ஆண்டின் வியாபாரம் முழுவதும் வந்துவிடவில்லை. போன வாரங்கள் போனவைதான். ஆனால் 6 பேரின் சம்பளமும் நிற்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

இணையதளத்தில் கடை வைத்து இருப்பவர்கள் 3 விஷயங்களை மறக்கக்கூடாது.

சர்ச் கன்சோல் உங்கள் பெயரில் இருக்கட்டும். தளத்தைக் கட்டியவரிடம் மட்டுமே அதை விட்டுவிடாதீர்கள்.

தளத்தை மாற்றும் முன்பு, பழைய முகவரிகள் அனைத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

புதிய தளம் திறக்கும் அன்று, "தடைக்கோட்டை எடுத்துவிட்டீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்த இளைஞரின் கம்பெனியில் இப்போது ஒரு பழக்கம் ஏற்பட்டு இருக்கிறது. எந்தத் தளத்தைத் திறந்தாலும், இருவர் உட்கார்ந்து ரோபாட்ஸ் கோப்பைப் படித்துப் பார்த்து, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு கோடு கற்றுக் கொடுத்த பாடம் அது!