தொண்டை நோவும் இருதய நலமும்

மார்கழி, தைத் திங்கள்களில் மைசூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் தொண்டை நோவு பலரை வருத்துவதுண்டு. குளிர்ந்த நீர் பருகியதே காரணம் என்று குழந்தைகளைக் கடிந்துகொள்கிறோம். உண்மையில் நோவைத் தோற்றுவிப்பவை பெரும்பாலும் கிருமிகளே. அவற்றுள் இருவகையை நாம் பிரித்தறிதல் வேண்டும்.

முதல் வகை வைரஸ். பெரும்பான்மையான தொண்டை நோவுகளுக்குக் காரணம் இதுவே. மூக்கொழுகல், இருமல், குரற்கம்மல் ஆகியவை உடன் தோன்றும். ஒரு வாரத்தில் பெரும்பாலும் தானே தணியும். ஓய்வும், இளஞ்சூடான கஞ்சியும், ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளித்தலும் போதும். பெனிசிலின் வைரஸை அழிக்காது.

இரண்டாம் வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா. 5 முதல் 15 வயது வரையுள்ள சிறுவரையே இது மிகுதியும் பற்றும். திடீர்க் காய்ச்சல், விழுங்குகையில் கடுநோவு, டான்சில் சதைகளில் வெண்ணிறப் படிவு, கழுத்தில் நெறிகட்டுதல், இருமலின்மை ஆகியன இதன் குறிகள். எனினும் குறிகளை மட்டும் கொண்டு துணிதல் அரிது. தொண்டையில் பஞ்சால் ஒற்றியெடுத்துச் சோதித்தே மருத்துவர் உறுதி செய்வர்.

இவ்வளவு கவனம் ஏன்? இவ்வகை நோவு நீங்கிய 2, 3 வாரங்களுக்குப் பின் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் ஆற்றல், அப்போது உடலையே தாக்குகிறது. மூட்டு வீக்கம் மறைந்துவிடும். இருதய வால்வில் நேர்ந்த பழுதோ வாழ்நாள் முழுதும் நிலைத்துவிடக் கூடும். நோவு தொடங்கிய 9 நாட்களுக்குள் பெனிசிலின் சிகிச்சை தொடங்கினால் இதனைத் தடுக்கலாம். 10 நாள் மருந்து விதிக்கப்பட்டால், மூன்றாம் நாளே நோவு தணிந்தாலும் 10 நாளும் உண்ணல் வேண்டும். இடையில் பொங்கலுக்கு ஊர் செல்வோர் மருந்தை உடன் கொண்டு செல்க.

மைசூரில் கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனையும், குழந்தைகளுக்குச் செலுவாம்பா மருத்துவமனையும் உள்ளன. கன்னடத்தில் ‘கண்டலு நோவு’ என்றால் போதும். நோவு என்னும் சொல் இரு மொழிக்கும் பொது. நோவு எத்தனை நாளாக உள்ளது, இருமல் உண்டா என்பவற்றையும் மறவாது கூறுக. மூச்சுத் திணறலோ, உமிழ்நீரும் விழுங்க இயலாமையோ, வாயைத் திறக்க இயலாமையோ காணின், சிறிதும் தாமதியாது மருத்துவமனை சேர்தல் வேண்டும்.

பழுதுற்ற வால்வுக்குச் சிகிச்சை அளிக்க ஜயதேவா இருதய மருத்துவ நிலையம் மைசூரிலும் இயங்குகிறது. ஆயினும் அங்குச் செல்ல நேராமல் நம் பிள்ளைகளைக் காக்க வல்லது, உரிய காலத்துச் சோதனையும் பத்து நாள் மருந்துமே.